டிராலியைத் தாண்டியும் பாடம் இருக்கிறது

அறவியல், அரசியல் தத்துவம் அறிமுகப் பாடம் என்றாலே எல்லோரும் டிராலிக் கணக்கைத்தான் சொல்கிறார்கள்: நிறுத்த முடியாமல் ஓடும் டிராலி வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பி, ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பலி கொடுக்கலாமா? (1967-ல் தத்துவவாதி பிலிப்பா ஃபுட் அதை எழுதியது கருக்கலைப்பு பற்றிய கட்டுரையில். அதை யாரும் சொல்வதில்லை.)

எனக்குப் பிடித்தது அமெரிக்கத் தத்துவவாதிகளான ஜான் ரால்ஸ் - ராபர்ட் நோசிக் சண்டை. எந்தக் குடும்பத்தில், என்ன திறமையோடு பிறப்போம் என்று தெரியாமல் சமூகத்தின் விதிகளை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவோம்? 1971-ல் ரால்ஸ் இப்படிக் கேட்டார். கடைநிலையில் இருப்பவருக்கு நன்மை தராத ஏற்றத்தாழ்வை ஏற்க மாட்டோம் என்பது அவர் வாதம். மூன்றே வருடத்தில், அதே ஹார்வர்டு தத்துவத் துறையிலிருந்து நோசிக்கின் மறுப்பு வந்தது: நியாயமாகச் சம்பாதித்ததை எடுத்துப் பங்கிட அரசுக்கு ஏது உரிமை?

நான் ரால்ஸ் பக்கம்தான். ஆனால் நோசிக்குக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் அவரைப் படிக்கவில்லை என்பேன்.