ஓடை சிலாப்புக்கு மேல நடந்து போற நம்ம பிள்ளைங்க

மத்த மாவட்டத்துக்காரங்களுக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகைதான், கன்னியாகுமரி மாவட்டத்துல நமக்கு அப்படி இல்ல, ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும்போதே இடவப்பாதியும், அதாவது தென்மேற்குப் பருவமழையும், வந்துரும். புது யூனிஃபார்ம், புது ஷூ, தோள்ல பை, கையில குடை, பிள்ளை நடக்க வேண்டிய ஓரத்துல வெள்ளம் கெட்டிக் கெடக்கும். வெள்ளம் கெட்டுனா பிள்ளை என்ன செய்யும், ரோட்டுக்குள்ள எறங்கி நடக்கும். பின்னால பஸ்ஸு வரும், டெம்போ வரும், கல்லு ஏத்துன டாரஸ் லாரி வரும். நாகர்கோவில ஒட்டி இருக்குற எங்க பகுதியில காலைல எட்டரை மணின்னா இதுதான். ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கெடந்தது, இந்த வருஷமும் பள்ளிக்கூடம் தொறந்தாச்சு, ஓடை அப்படியேதான் இருக்கு, அதனால எழுதுறேன்.

மொதல்ல ஒரு விஷயம். நம்ம பக்கத்து ஊர்கள்ல நடைபாதைன்னு தனியா போட்டது ரொம்ப ரொம்ப கம்மி. நாம நடைபாதைன்னு சொல்லிட்டு நடக்குறது ரோட்டோர ஓடைய, அதாவது வடிகால, மூடுன கான்கிரீட் சிலாப்பு. அத போட்டவங்க வெள்ளம் போறதுக்காகப் போட்டாங்க, ஆள் நடக்கறதுக்காகப் போடல, அதான் பிரச்சனையே. ஓடை எந்த உயரத்துல போகுதோ அந்த உயரத்துல சிலாப்பு இருக்கும், ஓடை எங்க நிக்குதோ அங்க நடைபாதையும் நின்னுரும், அடைப்பு எடுக்க தூக்குன சிலாப்ப ஓரமா சாய்ச்சு வச்சிட்டுப் போயிருவாங்க, அது அங்கேயே கெடக்கும், ஓடை வாய தொறந்துட்டு கெடக்கும்.

ஒரு சிலாப்ப மட்டும் கிட்ட நின்னு பாருங்க. எங்க தெரு முக்குல ஒண்ணு இருக்கு. ஒரு மூலை உடைஞ்சு உள்ள இருக்குற கம்பி வெளிய நீட்டிட்டு நிக்குது, துருப்பிடிச்சு, நுனி மேல்பக்கமா வளைஞ்சு. தூக்குறதுக்காக நடுவுல வச்ச இரும்பு வளையம் ரெண்டுமே எழும்பி நிக்குது, சரியா ஒரு அஞ்சாம் கிளாஸ் பிள்ளையோட ஷூ முனை மாட்டுற உயரம். அடுத்த சிலாப்பு இதவிட கொஞ்சம் தாழ, நடுவுல கைய விடுற அளவு இடைவெளி. ஆட்டுது வேற, கால் வச்சா டொக்குன்னு ஒரு சத்தம். இதுக்கு மேல குடையும் பிடிச்சு தண்ணி பாட்டிலும் தூக்கிட்டு பிள்ளை நடக்கணும்.

அத தாண்டுனா வீட்டு வாசல் சாய்வுங்க. ரோட்டுக்கு மேல ரோடு போட்டு போட்டு ரோடு ஒசந்துருச்சு, வீடு தாழ்ந்துருச்சு, அதனால வெள்ளம் உள்ள வராம இருக்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வாசல்ல கான்கிரீட்ட ஏத்தி போட்டிருக்காங்க. ஒரு வீட்டுல ஒரு அடி, அடுத்த வீட்டுல ஒன்றரை அடி. அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல, வீட்டுக்குள்ள சாக்கடை வெள்ளம் வந்தா யாரும் அதத்தான் செய்வாங்க. பழைய தாரச் சுரண்டி எடுத்துட்டு மேல போடாம, இருக்குறதுக்கு மேலயே போட்டுட்டே போறதுதான் மூலக் காரணம். ஆனா நடக்குறவங்களுக்கு அது ஏறி எறங்குற படிக்கட்டு மாதிரி ஆயிருச்சு, வயசானவங்களால முடியாது, வீல் சேர்ல வாறவங்க நெனச்சும் பாக்க முடியாது, பிள்ளைங்களுக்கு ரோட்டுல எறங்குறதே சுளுவு. அதுக்கும் நடுவுல ஈபி கம்பம் ஒண்ணு, அதத் தாங்குற ஸ்டே கம்பி ஒண்ணு, ஃப்ளெக்ஸ் போர்டு கெட்டுன சவுக்கு கம்பு ஒண்ணு.

நம்ம மாவட்டத்துக்கு இது ரொம்ப முக்கியமான விஷயம்னு நான் சொல்றதுக்கு காரணம் இருக்கு. 2011 சென்சஸ்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், சென்னைய விட்டா தமிழ்நாட்டுல இவ்வளவு நெருக்கமா ஆள் வாழுற மாவட்டம் வேற இல்ல. கிட்டத்தட்ட ஐம்பது பேரூராட்சி இருக்கு, ஒரு ஊர் எங்க முடியுது அடுத்த ஊர் எங்க தொடங்குதுன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது, ரோட்டோரம் பூரா வீடும் கடையும் தெங்குந்தோப்புமா தொடர்ச்சியா போகும். அதே சென்சஸ்ல படிப்பறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலயே முதல் இடம். அந்த முதல் இடம் சும்மா வரல, லண்டன் மிஷன் காலத்துல இருந்தே சர்ச்ச ஒட்டி ஒரு பள்ளிக்கூடம், பெறவு சர்க்கார் பள்ளிக்கூடம்னு பிள்ளை நடந்து போயிட்டு வாற தூரத்துல பள்ளிக்கூடம் வந்ததும் அதுக்கு ஒரு காரணம். எங்க அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு பெரியம்மா எல்லாரும் நடந்து போயி படிச்சவங்கதான். பள்ளிக்கூடம் இன்னும் அதே தூரத்துலதான் இருக்கு, நடந்து போற வழிதான் இல்லாம போச்சு.

வழி இல்லாததால என்ன நடக்குது, எல்லாரும் ஸ்கூட்டர்ல கொண்டு விடுறாங்க. எங்க பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டேன், ஏங்க்கா, நடந்தா பத்து நிமிஷந்தானே, பிள்ளைய நடக்க விடலாம்லான்னு. அக்கா சொன்னாவ, "நடக்க விடுறதுக்கு எனக்கென்ன, ஆனா அந்த முக்குல பிள்ளை ரோட்ட எப்படி தாண்டுவா சொல்லு, அங்க வாற வண்டியெல்லாம் எப்படி வருதுன்னு நீ பாக்கியாயில்லியா". சரிதான், அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இப்படி ஒவ்வொரு வீட்டுலயும் யோசிச்சு யோசிச்சு, எட்டரை மணிக்கு பள்ளிக்கூட வாசல்ல ஒரே வண்டி, ஒருத்தரு யூ டர்ன் போடுதாரு, ஒருத்தரு ரிவர்ஸ் எடுக்காரு, வேன் ஹாரன் அடிக்கான், ஆட்டோ குறுக்க நிக்கி, அதுக்கு எடையில மிச்சம் நடந்து வாற பிள்ளைங்க, அவங்க பெரும்பாலும் வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைங்க. ரோடு ஆபத்துன்னு வண்டில கொண்டு போறோம், வண்டி கூடக் கூட ரோடு இன்னும் ஆபத்தாவுது. இந்த முடிச்ச ஒரு வீடு தனியா அவுக்க முடியாது, அதனாலதான் இது பொது விஷயம், பஞ்சாயத்தும் கார்ப்பரேஷனும் ஹைவேஸும் செய்ய வேண்டிய விஷயம்.

வேகத்தப் பத்தி சொல்லணும். மணிக்கு 50 கிலோமீட்டர்ல வாற வண்டி ஒரு நொடியில கிட்டத்தட்ட 14 மீட்டர் போயிரும். டிரைவர் பிள்ளையப் பாத்து காலத் தூக்கி பிரேக்குல வைக்கறதுக்கே அந்த ஒரு நொடி வேணும். 30ல வந்தா அதே நொடியில 8 மீட்டர் சொச்சம்தான். அந்த ஆறு மீட்டர் வித்தியாசத்துல ஒரு பிள்ளையோட உசுரு இருக்கு. 2020ல ஸ்டாக்ஹோம்ல நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டு அறிக்கையிலயும் ஆளும் வண்டியும் கலந்து போற இடத்துல 30க்கு மேல வேகம் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு வண்டி எவ்வளவு வேகத்துல வருதுன்னு சரியா கணிக்கவும் தெரியாது, நிக்குற காருக்குப் பின்னால அவங்க தலையே வெளிய தெரியாது. பாத்து போ மக்கான்னு எத்தனை தடவ சொல்லி அனுப்புனாலும் பிள்ளை பிள்ளைதான், அது பாக்கலன்னாலும் பொழைக்கிற மாதிரி ரோடு இருக்கணும்.

வேகத்தடை இருக்கேன்னு சொல்லுவாங்க. இருக்கு, ஆனா அது எப்படி இருக்குன்னு கவனிச்சியளா? ரோட்டுக்கு அளவு வகுக்குற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (ஐஆர்சி) அளவுப்படி வேகத்தடைன்னா 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவா ஏறி மெதுவா எறங்கணும், அப்பதான் வண்டி 25க்கு வரும். நம்ம ஊர்ல போடுறது ஒரு முழம் அகலத்துக்கு தாரக் குவிச்சு வச்ச மாதிரி ஒண்ணு, பெயிண்ட் போன வருஷமே போச்சு. அதவிட மோசம் என்னன்னா மழைவெள்ளம் வடியறதுக்காக ரெண்டு ஓரத்துலயும் ஒரு ரெண்டடி விட்டு வைக்காங்க, பைக்குல வாறவன் ஒருத்தனும் வேகத்தடை மேல ஏற மாட்டான், நேரா அந்த ஓர இடைவெளிக்குள்ள விட்டு ஓட்டுதான். அந்த ஓரத்துலதான் பிள்ளை நடக்கு! பிள்ளைய காப்பாத்த போட்ட வேகத்தடை பைக்க பிள்ளை மேல திருப்பி விடுது. அந்த இடைவெளிய மூடிட்டு அடியில ஒரு பைப்பு வச்சா வெள்ளமும் போவும், பைக்கும் அந்த வழியா வராது. இன்னும் நல்லா செய்யணும்னா பள்ளிக்கூட வாசல்ல சீப்ரா கிராசிங்கையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கி, ரோட்டு முழு அகலத்துக்கும் போட்டுரலாம், வண்டி ஏறி எறங்கணும், பிள்ளை சமமா நடந்து போவா.

நடைபாதைக்கும் அளவு உண்டு. நடமாடுற அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர், ரெண்டு வீல் சேர் எதிரெதிரா போக முடியற அகலம், ரோட்டுல இருந்து உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது. ரொம்ப ஒசத்திப் போட்டா யாரும் ஏற மாட்டாங்க, அதான் காரணம். எங்க தெருவுல 1.8 மீட்டர் கெடைக்காதுன்னு எனக்கே தெரியும், ஆனா ஓடை சிலாப்பு ஒரே மட்டத்துல, ஆட்டாம, இடைவெளி இல்லாம, கம்பம் ஓரம் தள்ளி இருந்தாலே பாதிப் பிரச்சனை தீரும். 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, தடையில்லாத நடைபாதைங்கிறது அரசியலமைப்புச் சட்டம் 21ஆவது பிரிவுல வாற உயிர் வாழுற உரிமையோட ஒரு பகுதின்னு. அதனால இத யாரும் சலுகையா தர வேண்டாம், மனுல தைரியமா உரிமைன்னே எழுதலாம்.

தடையில்லாத நடைபாதைன்னு சொன்ன உடனே சிலருக்கு கண்ணு போறது ரோட்டோரம் பழம் விக்கிறவங்க மேலதான். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நொங்கும் அயனிச்சக்கையும் வச்சு விக்கிற அம்மா ஒரு பனம்பாய் அளவு எடம்தான் எடுக்காவ, அவங்களுக்குன்னு 2014ல சட்டமும் இருக்கு, எடம் ஒதுக்கிக் கொடுக்கணும். முழு நடைபாதையையும் எடுத்துக்குறது கடை வாசல்ல வரிசையா நிக்கிற பைக்கும் காரும்தான். நடைபாதையில வண்டி நிறுத்தக் கூடாதுன்னு விதி தெளிவாவே இருக்கு, அத எடுக்கச் சொல்றதுக்குத்தான் யாருக்கும் வாய் வர மாட்டேங்குது.

எங்க பள்ளிக்கூட முக்குல பெட்டிக்கடை வச்சிருக்குற ஒரு பாட்டி இருக்காவ. காலைலயும் சாயங்காலமும் கடைய அப்படியே போட்டுட்டு ரோட்டுக்கு நடுவுல வந்து குடைய விரிச்சு நீட்டி நிப்பாவ, "நில்லுங்க மக்களே, அந்த பஸ்ஸு போவட்டு, ம், இப்ப வாங்க", எல்லா பிள்ளையும் கூட்டமா தாண்டும். பஸ் டிரைவர்மாரும் பாட்டியப் பாத்தா நிறுத்திருவாங்க. சம்பளம் கெடையாது, யாரும் சொல்லவும் இல்ல. அந்த வயசுல அவங்க அங்க நிக்கத்தான் வேணுமா? ஒளிருற ஜாக்கெட்டும் நில்லுன்னு எழுதுன பலகையும் குடுத்து, பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும் ஒரு ஆளப் போட என்ன செலவாயிரும்.

செலவுன்னு வரும்போது மார்த்தாண்டம் மேம்பாலம் ஞாபகம் வருது. சுமார் 2.5 கிலோமீட்டர் நீளம், 2018 கடைசில வண்டி ஓட ஆரம்பிச்சது, வேணும்தான், நான் வேண்டாம்னு சொல்லல. தூரம் போற வண்டிக்கு மேல தனி வழி கெடைச்ச மாதிரி, கீழ நடக்குறவங்களுக்கும் ஒரு தனி வழி வேணும்னுதான் கேக்கேன். பதினோராம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு சர்க்கார் சைக்கிள் குடுக்கு, ரொம்ப நல்ல திட்டம், ஆனா எத்தனை வீட்டுல அந்த சைக்கிள் மதில்ல சாஞ்சு துருப்பிடிச்சு நிக்குன்னு நீங்களே பாத்திருப்பிய. அந்த ரோட்டுல பொம்பளப் பிள்ளைய சைக்கிள்ல அனுப்ப எந்தத் தாய்க்கும் மனசு வராது.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் நாலு பக்கமும் ஒரு ஐநூறு மீட்டர், அத மட்டும் மொதல்ல எடுங்க, மாவட்டம் பூரா ஒரே நாள்ல மாத்தச் சொல்லல. சிலாப்ப சரி பண்ணுங்க, வேகத்தடைய அளவுப்படி போடுங்க, பள்ளிக்கூட நேரத்துல டாரஸ நிறுத்துங்க, வண்டில வாறவங்க பிள்ளைய வாசல்ல இல்லாம கொஞ்சம் தள்ளி எறக்கி விடுற மாதிரி ஒரு எடம் குறிங்க. இதுல எதுக்கும் நெலம் எடுக்க வேண்டாம், டெண்டர் பெருசா போக வேண்டாம்.

கேக்குறதுல ஒரு சிக்கல் உண்டு, ஒரே ரோட்டுல ஓடை ஒருத்தருக்கு, தார் ஒருத்தருக்கு, கம்பம் மின்வாரியத்துக்கு, தோண்டிட்டுப் போறது குடிநீர்க்காரங்க. ஒரு ஆபீஸ்ல போனா அடுத்த ஆபீஸ்னு கைகாட்டி விடுவாங்க, நாங்க அத அனுபவிச்சாச்சு. அதனால மொதல்ல ரோடு யாருதுன்னு தெரிஞ்சுக்கிடுங்க, மைல்கல் தலையில மஞ்சள் இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தா மாநில நெடுஞ்சாலை. உள்ளூர் தெருன்னா பெரும்பாலும் உங்க பஞ்சாயத்து, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிதான். சர்க்கார் பள்ளிக்கூடம்னா பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல பேசி தீர்மானமா எழுதி வாங்குங்க, பெத்தவங்கதான் அதுல அதிகம், நம்ம பேச்சுக்கு அங்க மதிப்பு உண்டு. ஊராட்சின்னா ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு கிராம சபை வருது, அங்க வைக்கலாம். அந்தத் தீர்மானத்தோட நகல வச்சுத்தான் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கணும், வெறும் கையெழுத்து மனுவவிட அதுக்கு வலு கூட. முதல்வர் உதவி மைய நம்பர் 1100க்கு ஃபோன் பண்ணியும் பதிய வைக்கலாம், நம்பர் குடுப்பாங்க, அத எழுதி வச்சுக்கிடுங்க.

மனுல "எங்க தெருவுல சிலாப்பு உடைஞ்சிருக்கு"ன்னு மட்டும் எழுதாதீங்க, இடம் தெரியலன்னு திரும்பி வரும். பக்கத்துல நிக்குற ஈபி கம்பத்துல நம்பர் எழுதியிருந்தா அந்த நம்பர எழுதி, சிலாப்பையும் கம்பத்தையும் சேர்த்து ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சிருங்க.