மூன்று மீற்றர் போதும் என்று நினைத்தேன்

விசுவமடுவிலிருந்து பரந்தன் வந்து, அங்கே பஸ் மாறி கிளிநொச்சிக்குப் போய் வாங்கிவந்த துணி வீட்டில் வெட்டும்போது போதாமல் போனால் வரும் எரிச்சல் இருக்கே, பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

தைக்க நினைத்தது 60க்கு 90 அங்குலத்தில், துணிச் சதுரங்களை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை. இரண்டு நிறச் சீத்தை (அச்சடித்த பருத்தித்துணி), 10 அங்குலச் சதுரங்கள், மொத்தம் 54. போர்வையின் பரப்பளவைத் துணியின் அகலமான 44ஆல் வகுத்தேன், மூன்று மீற்றரும் கொஞ்சமும் வந்தது, நிறத்துக்கு ஒன்றரை மீற்றராக வாங்கிவிட்டேன்.

தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் விட வேண்டுமே! வெட்டும் சதுரம் பத்தரை. 44 அங்குலத்தில் நாலுதான் பிடிக்கும், மிச்சம் இரண்டு அங்குலம் வெறும் நாடா. ஒன்றரை மீற்றரில் ஐந்து வரிசை, 20 சதுரம், நிறத்துக்கு வேண்டியதோ 27. தரையில் அடுக்கியதைப் பார்த்து அம்மா, "என்ன பிள்ளை, கால்மாடு வெறுமையாக் கிடக்கு" என்றார்.

சரி, இப்போது வரிசையைத்தான் எண்ணுகிறேன். 27க்கு 7 வரிசை, 73.5 அங்குலம், 2 மீற்றர் எடுத்தால் கழுவிக் கொஞ்சம் சுருங்கினாலும் சமாளிக்கலாம் (கழுவாமல் வெட்டவே மாட்டேன், சாயம் போகிற சிவப்பு என்றால் இன்னும் மோசம்). அடித்துணிக்கு ஒற்றை அகலம் காணாது, இரண்டு நீளம் இணைக்க 5 மீற்றர். ஓரப்பட்டிக்கு 60 சென்ரிமீற்றர். நடுவில் வைக்க அம்மாவின் பழைய நூல்சேலைகள், அதற்குக் கணக்கே இல்லை.

திரும்பப் போனால் கடையில் அந்த அச்சு முடிந்துவிட்டது. கால்மாட்டில் 14 சதுரமும் வெற்று நீலம்.