அறுபதாயிரம் வாடகையில் ஆறாயிரம் பாக்கி

மண்ணடி, பிராட்வே பக்கம் கடைகளையும் மாதவரத்தில் சில குடோன்களையும் உரிமையாளர்கள் சார்பில் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் எங்களுடையது. வாடகைக் கணக்கு என் பொறுப்பு. 2025 ஏப்ரலில் பேரேட்டை விட்டு சொத்து மேலாண்மை மென்பொருளுக்கு மாறினோம்.

ஒப்பந்தங்களை ஏற்றவே மூன்று வாரம் பிடித்தது. ஒரு கடைக்கு வருடா வருடம் 5 சதவீதம் ஏற்றம், பக்கத்துக் கடைக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15. பழைய பத்திரங்களில் ‘கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த கடை’ என்று மட்டும் இருக்கும். மென்பொருளோ சதுர அடி கேட்கும். டேப்பைத் தூக்கிக்கொண்டு போய் அளந்தோம். அந்த அலைச்சல் வீண்போகவில்லை.

இடித்தது முதல் மாத பில்லில். இரும்புக்கடை பாய்க்கு வாடகை 60,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 10,800, மொத்தம் 70,800. அவர் 64,800 போட்டிருந்தார். 6,000 பாக்கி, தாமதக் கட்டணம் வேறு என்று மென்பொருள் தானாகவே அவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டது. பாய் நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “பதினாலு வருஷமா அஞ்சாம் தேதிக்குள்ள குடுக்கறேன்மா. என்னைப் பாத்து பாக்கின்னு கேட்டுட்டீங்களே!” என்றபோது அவர் குரல் உடைந்திருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த 6,000 டிடிஎஸ், அதாவது வாடகை தருபவரே உரிமையாளரின் வருமான வரிக்காகப் பிடித்து அரசுக்குக் கட்டும் தொகை. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டினால், அதை விட்டுவிட்டு வாடகையில் மட்டும் 10 சதவீதம் பிடித்து உரிமையாளரின் பான் எண்ணில் வாடகைதாரர்கள் கட்டுவார்கள். எங்கள் பழைய கணக்குப்பிள்ளை அதைச் சிவப்பு மையில் தனிப் பத்தியில் எழுதி வந்தார். மென்பொருளிலும் அதற்கு இடம் இருந்தது. எல்லோருக்கும் காலியாக விட்டிருந்தது நாங்கள்தான்.

தானாகப் போகும் எஸ்எம்எஸ்ஸை அன்றே நிறுத்தினேன். பிறகு கடை கடையாகப் போய்க் கேட்டேன். அந்த ஏப்ரலில்தான், வாடகை எவ்வளவைத் தாண்டினால் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்ற வரம்பு வருடத்துக்கு 2,40,000 என்பதிலிருந்து மாதத்துக்கு 50,000 என்று மாறியிருந்தது. அதனால் சின்னக் கடைகள் பல விலகிவிட்டன. வரித் தணிக்கைக்குள் வராத தனிநபர் வியாபாரி என்றால் மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் 2 சதவீதம்தான், அதையும் வருடக் கடைசியில் ஒரே தடவையாகப் பிடிக்கலாம். இதையெல்லாம் வாடகைதாரரிடம் கேட்காமல் நாமாக ஊகித்துப் போடக் கூடாது. மென்பொருளுக்கு மாறப் போகிறவர்கள் இந்த டிடிஎஸ் விவரத்தை முதல் பில்லுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பிடித்த தொகையை ‘வர வேண்டிய டிடிஎஸ்’ என்று வைத்து, காலாண்டுக்கு ஒருமுறை உரிமையாளர் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் வருமான வரிப் படிவத்தோடு (2025-இல் அது 26ஏஎஸ்) ஒப்பிட்டு டிக் அடிக்கிறேன். முதல் காலாண்டிலேயே ஒரு குடோன் தொகை காணவில்லை. பான் எண்ணில் ஓர் எழுத்து மாறிப்போயிருந்தது. அவர்கள் ஆடிட்டரிடம் சொல்லித் திருத்தினோம். பேரேட்டுக் காலத்தில் இது வருடக் கணக்கு முடிக்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

பாய்க்கு இப்போது ரசீதில் மூன்று வரி வருகிறது: பெற்றது 64,800, டிடிஎஸ் 6,000, பாக்கி இல்லை. போனில் அனுப்பினால் அவருக்குப் போதாது. நான் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பியில் குத்தி வைத்துக்கொள்கிறார்.