வாக்கியத்துக்குள் நுழையும் விளம்பரம்

அண்மையில் ஒரு விளம்பர நிறுவனத்திடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. என் வலைப்பதிவுக் கட்டுரைகளில் தாங்கள் தெரிவுசெய்யும் சொற்களை விளம்பர இணைப்புகளாக மாற்ற இடமளித்தால், வாசகர் அந்தச் சொற்களைத் தொடும்போதெல்லாம் என் கணக்கில் ஒரு சிறு தொகை சேரும் என்றும், பக்கத்தின் அமைப்பில் எதையும் மாற்றத் தேவையில்லை, ஒரு வரி நிரலை ஒட்டிவிட்டால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். இலங்கையின் மலையகத்திலிருந்து எழுதும் வேறு சில நண்பர்களுக்கும் இதே அழைப்பு போயிருக்கிறது. ஏற்கலாமா, வேண்டாமா என்று அவர்கள் கேட்பதால், நான் யோசித்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இது புதிய உத்தி அல்ல. 2001ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் உலாவியின் சோதனைப் பதிப்பில் ‘ஸ்மார்ட் டேக்ஸ்’ என்ற வசதியைச் சேர்த்து, பிறர் எழுதிய பக்கங்களிலுள்ள சொற்களின் கீழ் தானே இணைப்புகளை இட முயன்றது. எழுதியவரைக் கேளாமல் அவருடைய எழுத்தில் கைவைப்பதா என்று கடும் எதிர்ப்புக் கிளம்பவே, முறையான வெளியீட்டுக்கு முன்பே அதைக் கைவிட்டது. பின்னர் வைப்ரன்ட் மீடியா, கொன்டேரா, இன்ஃபோலிங்க்ஸ் போன்ற நிறுவனங்கள் தளத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, அதற்குப் பணமும் கொடுத்து அதே வேலையைச் செய்தன. சொல்லின் கீழ் இரட்டைக் கோடு விழும். சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் ஒரு விளம்பரப் பெட்டி மிதந்து வரும். ஃபோர்ப்ஸ் இணையத்தளம் 2004இல் இதைப் பயன்படுத்திப் பார்த்து, தன் செய்தியாளர்களே எதிர்த்ததால் நிறுத்திக்கொண்டது. தளங்களில் விளம்பரம் இட்டு உரிமையாளருக்குப் பங்கு தரும் கூகுளின் அட்சென்ஸ் சேவையும் 2024இல் இதே இனத்தைச் சேர்ந்த வசதியொன்றை, தானே இடம் தெரிந்து இடும் தன் தானியங்கி விளம்பரங்களோடு சேர்த்திருக்கிறது; கட்டுரையிலுள்ள சொல்லைத் தொட்டால் தேடல் முடிவுகளும் விளம்பரங்களும் கொண்ட பெட்டி அந்தப் பக்கத்திலேயே திறக்கும்.

இதில் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தளப் பெயருக்கும் வழங்கிக்கும் டொலரில் பணம் கட்டுகிறோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியபோது, எழுத்தில் வருமானமே இல்லாத பலர் தளத்தைப் புதுப்பிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் பல ஆண்டுகளாக எழுதிய கட்டுரைகள் தளத்தோடு சேர்ந்து மறைந்துபோயின. சிறு தொகையாயினும் அது தளத்தை உயிரோடு வைத்திருக்கும் என்றால் அந்தத் தொகையை இழிவாகப் பேசக்கூடாது. பக்கவாட்டிலும் தலைப்பிலும் இருக்கும் பதாகை விளம்பரங்களை வாசகரின் கண் தானாகவே தாண்டிப் போகப் பழகிவிட்டது என்பது 1990களின் இறுதியிலிருந்தே ஆய்வுகளில் பேசப்படும் விடயம். சொல்லோடு ஒட்டிய விளம்பரத்தைக் கண் அவ்வாறு தாண்டாது. சிறிய கைபேசித் திரையில் அது தனியாக இடம் பிடிப்பதும் இல்லை.

மலையகத்தவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அட்சென்ஸ் 2018 பெப்ரவரியில் தமிழை ஏற்றுக்கொண்டதால் நமக்கு ஒரு கதவு திறந்தது உண்மைதான். ஆனால் வருமானம் 10 டொலரைத் தொட்டதும் முகவரியை உறுதிப்படுத்துவதற்கான இலக்கத்தைத் தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் குடியிருக்கும் பலருக்குத் தனி முகவரி என்பதே இல்லை. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து, யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் கைக்கு வரும். அந்த இலக்கம் வராமலே கணக்கு முடங்கிய பதிவர்களை நான் அறிவேன். இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபால் வழியாகப் பணம் பெறும் வசதியும் இலங்கையில் நீண்ட காலம் இல்லாதிருந்தது. எனக்கு எழுதிய நிறுவனமோ தபால் முகவரியைக் கேட்கவில்லை, நேரடியாக வங்கிக்கே அனுப்புவதாகச் சொன்னது. இந்த அழைப்பை நண்பர்கள் ஆவலோடு பார்ப்பதில் வியப்பில்லை.

ஒப்புக்கொள்வதற்கு முன் பார்த்துவிடலாம் என்று, அந்நிறுவனம் தந்த முன்னோட்ட வசதியில் என் பழைய கட்டுரைகளில் சிலவற்றை இட்டுப் பார்த்தேன். முதலாவது, நுண்கடன் நிறுவனங்களிடம் சிக்கிய தோட்டப் பெண்களைப் பற்றியது. வாரத் தவணை கட்டுவதற்காக இன்னொரு நிறுவனத்திடம் கடன் வாங்கி, அதைக் கட்ட மூன்றாவது நிறுவனத்துக்குப் போன ஒருவரின் கதையை அதில் எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தில் ‘கடன்’ என்ற சொல்லின் கீழ் பச்சை நிறத்தில் இரட்டைக் கோடு விழுந்திருந்தது. தொட்டதும் திரையின் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழுந்தது: அடையாள அட்டை இருந்தால் போதும், சில நிமிடங்களில் காசு கைக்கு வரும். இரண்டாவது கட்டுரை, தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் அளவுள்ள காணியை உறுதிப் பத்திரத்தோடு வழங்குவதாகச் சொல்லப்பட்ட வாக்குறுதிகளைப் பற்றியது. அதில் ‘காணி’ என்ற சொல்லைத் தொட்டால் கொழும்பை அண்டிய ஒரு நிலத்துண்டு விற்பனை திறந்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் ஒரு துண்டு கேட்டு நிற்கும் மக்களைப் பற்றிய வாக்கியத்துக்குள், அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த விற்பனை உட்கார்ந்திருந்தது.

நிரல் கட்டுரையை வாசிப்பதில்லை, சொல்லைத் தேடுகிறது. கடனுக்கு எதிராக எழுதியதும் கடனுக்காக எழுதியதும் அதற்கு ஒன்றே. அந்த நிரலுக்குத் தமிழ்ச் சொல் எங்கே முடிகிறது என்பதுகூடத் தெரியவில்லை. மாரியம்மன் கோவில் திருவிழாவைப் பற்றிய கட்டுரையில் ‘காணிக்கை’யின் முதற்பாதிக்கு மட்டும் கோடு போட்டு அதே நிலத்துண்டை விற்றது. ‘வேலையில்லாத இளைஞர்’ என்ற இடத்தில் ‘வேலை’யைப் பிடித்து வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவரின் பக்கத்துக்கு வழிகாட்டியது. சமையற்குறிப்பு எழுதுகிறவருக்கும் கைபேசிகளை ஒப்பிட்டு எழுதுகிறவருக்கும் இவை சிறிய இடைஞ்சல்களாகவே தோன்றலாம். ஆனால் கடன், காணி, சம்பளம், வெளிநாட்டு வேலை, அடகு, வைத்தியம் ஆகியவைதான் மலையகத்தைப் பற்றி எழுதுகிறவரின் அன்றாடச் சொற்கள். அவற்றைத்தான் விளம்பரதாரரும் தேடுகிறார்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது பக்கத்து வீட்டுத் தங்கை கேட்ட கேள்வி. முன்னோட்டப் பக்கத்தை அவருடைய கைபேசியில் திறந்து, ஒன்றும் சொல்லாமல் வாசிக்கக் கொடுத்தேன். கைபேசியில் சுட்டி கிடையாது. மேலும் கீழும் தள்ளும்போது பெருவிரல் கோட்டின்மேல் பட்டு, கேளாமலே பெட்டி திறந்தது. அவர் அதை மூடவில்லை, நிதானமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, “அண்ணே, இது நீங்க குடுத்த எடம்தானே? நம்பி எடுக்கலாமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் அறியாமை எதுவும் இல்லை. வலைப்பதிவில் இணைப்பு என்பது, நான் பார்த்தேன், நீங்களும் பாருங்கள் என்று எழுதுகிறவர் வாசகருக்குச் சொல்வது. நான் சுட்டிய செய்தியை, அரச அறிவித்தலை, பிற பதிவரின் கட்டுரையை வாசகர் திறந்து பார்ப்பது என்மீதுள்ள நம்பிக்கையால்தான். கட்டுரைக்கு வெளியே தனிப் பெட்டிக்குள் இருக்கும் விளம்பரத்தை விளம்பரம் என்று எவரும் அறிவார்கள். என் வாக்கியத்துக்குள் கோடு போட்டுக் கிடப்பதை என் பரிந்துரை என்று எடுத்துக்கொள்வதே இயல்பு. வாசகர் வளர்ந்தவர், பிரித்தறிவார் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் வந்த இணைப்பைத் தொட்டு நேரே கட்டுரைக்குள் வருகிறவருக்கு இரட்டைக் கோட்டுக்கும் ஒற்றைக் கோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை யார், எப்போது சொல்லிக்கொடுத்தார்கள்? அந்தக் குழப்பத்திலிருந்துதான் இந்த விளம்பர முறைக்குப் பணம் வருகிறது. குழப்பம் நீங்கினால் பணமும் குறையும். ஆகவே இதைத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கையால் இடப்படும் கட்டண இணைப்பும் இந்த வகையில்தான் சேரும். பழைய கட்டுரையொன்றில் ஒரேயொரு இணைப்பைச் சேர்த்தால் பணம் தருவதாக எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை சூதாட்டத் தளங்களுக்காகவே வருகின்றன. பணம் பெற்று இட்ட இணைப்பை அவ்வாறே குறிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அதற்கென ‘ஸ்பொன்சர்ட்’ என்ற தனிக் குறியீட்டை 2019இல் அறிமுகப்படுத்தியது. மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் அந்தக் குறியீட்டை இடவேண்டாம் என்றுதான் கேட்கிறார்கள். நானே வாசித்த ஒரு நூலுக்கு, விற்றால் எனக்குத் தரகு கிடைக்கும் என்று அதே வரியில் சொல்லிவிட்டு இணைப்பு இடுவதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே தெரிவு என்னுடையது, வாசகருக்கும் அது தெரியும்.

எனவே அந்நிறுவனத்துக்கு மறுத்து எழுதிவிட்டேன். பந்திகளுக்கு இடையில் ‘விளம்பரம்’ என்ற தலைப்போடு வரும் அட்சென்ஸ் பெட்டிகளை வைத்துக்கொள்கிறேன்; வருமானம் குறைவு, ஆனால் வாக்கியம் என்னுடையதாகவே இருக்கும். அவற்றிலும் நுகர்வோர் கடன், விரைவில் பணக்காரராதல், சோதிடம் ஆகிய வகைகளைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவால் புதையுண்டவர்களைப் பற்றிய கட்டுரையிலும், நுண்கடன் பற்றிய கட்டுரைகளிலும் எந்த விளம்பரமும் வராதபடி அந்தப் பக்கங்களைத் தானியங்கி விளம்பரங்களிலிருந்து விலக்கிவிட்டேன்.

அட்சென்ஸில் தானியங்கி விளம்பரங்களை இயக்கியிருக்கும் நண்பர்கள், சொல்லை இணைப்பாக்கும் வசதி தங்கள் தளத்தில் இயங்குகிறதா என்று அமைப்புகளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் அதை மட்டும் தனியாக நிறுத்தலாம். மாற்றத்தைச் சேமித்துச் சிறிது நேரம் கழித்து, வீட்டிலுள்ள வேறொருவரின் கைபேசியில் தளத்தைத் திறந்து சரிபாருங்கள். பார்க்கும்போது விளம்பரம் எதையும் தொட்டுவிடாதீர்கள். தன் தளத்து விளம்பரத்தைத் தானே தொடுவது அட்சென்ஸ் விதிகளுக்கு முரணானது, கணக்கே முடக்கப்படலாம்.