எக்ஸ்ரே பார்த்துக் கீழ்த்தாடைக்குப் போட்ட ஊசி

பல்லை மரக்கச் செய்ய, மேல்தாடைப் பல்லென்றால் வேரருகே ஊசி போட்டாலே பெரும்பாலும் போதும். அங்கே எலும்பு மெல்லியது, மருந்து ஊறிவிடும். கீழ்க் கடைவாய்ப் பக்கம் எலும்பு கெட்டியாக இருப்பதால், தாடையின் பின்பகுதியில் உட்புறமாக, நரம்பு எலும்புக்குள் நுழையும் துளைக்கு அருகே மருந்தைக் கொண்டுபோய் விட வேண்டும். அந்தத் துளை கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படாது. ஆடுதுறைக்காரியான நான் இதையெல்லாம் தெரிந்துகொள்ள நேர்ந்ததற்குக் காரணம், இடது கீழ் ஞானப்பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் ஊசிமேல் ஊசி போட்டும், பல்லோடு சேர்ந்து மரக்க வேண்டிய உதடு மரக்காமல் போனதுதான். நாக்கு மட்டும் தடித்துக் கிடந்தது. பயம்தான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பயந்தவளுக்கு நாக்கு மட்டும் எப்படி மரத்தது என்று கேட்கத்தான் நா எழவில்லை.

கும்பகோணத்தில் அடுத்துப் பார்த்த பெண் மருத்துவர் முதலில் கேட்டதே, "உதடு மரத்துச்சாம்மா, நாக்கு மட்டும்தானா?" என்றுதான். நாக்குக்குச் செல்லும் நரம்பு சற்று முன்னாலேயே இருப்பதால், மருந்து துளைக்குக் கீழே இறங்கிவிட்டால் நாக்கு மரக்கும், உதடு மரக்காது என்று விளக்கினார். பல்லின் வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்க்க எப்படியும் தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே தேவை. அதையே ஊசிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார்.

எக்ஸ்ரே எடுக்குமிடத்தில் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி, சங்கிலி அனைத்தையும் கழற்றச் சொன்னார்கள். திருகு இறுகிப்போன மூக்குத்தியைக் கழற்ற, படம் எடுத்ததைவிட அதிக நேரமாயிற்று. கழற்றச் சொன்னதற்குக் காரணம் உண்டு: ஒரு காதுத் தோட்டின் நிழல் படத்தில் எதிர்ப்பக்கத்தில், சற்று மேலே, மங்கலாக விழும், பார்க்க வேண்டிய இடமே மறைந்துபோகலாம். முன்பற்களால் பிளாஸ்டிக் கட்டையைக் கடித்து, நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன். கருவி தலையைச் சுற்றிவர அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மருத்துவர் கணினித் திரையில் கீழ்ப்பற்களின் கடிக்கும் மட்டத்தை ஒட்டி ஒரு கோடிழுத்து, அதைத் தாடையின் பின்னெலும்பு வரை நீட்டினார். வேர்களுக்கடியில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கருமையாக ஓடும் நரம்புக்குழாயைப் பின்னோக்கித் தொடர்ந்தால், அது ஏறிச்சென்று முடியும் இடமே துளை. எனக்கு அது கோட்டுக்கு நன்றாகவே மேலே இருந்தது. சிறுபிள்ளைகளுக்குக் கீழே இருக்கும், வளர வளர மேலேறும், பெரியவர்களிலும் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். எலும்பின் முன்விளிம்பிலிருந்து துளை எவ்வளவு பின்னே இருக்கிறது என்பதையும் அளந்தார். ஓபிஜி எதையும் உண்மை அளவைவிடப் பெரிதாகக் காட்டும் என்பதால், அந்தக் கருவிக்குரிய விகிதப்படி குறைத்துக் கணக்கிட்டார். படம் தட்டையானது, எலும்பு வெளிப்பக்கமாக எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன் இருக்கிறது என்றாலும், ஓர் ஊசிக்காக அவ்வளவு கதிர்வீச்சு வேண்டாம் என்ற அவர் கருத்து எனக்குச் சரியாகவே பட்டது.

கட்டைவிரலால் எலும்பின் முன்விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டு, முன்பு போட்ட இடத்தைவிட உயரத்தில் ஊசியைச் செலுத்தினார். முனை எலும்பில் தட்டியது எனக்கே தெரிந்தது. சிறிது பின்னிழுத்து, இரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்த பின்னரே 2 சதவீத லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தை மெதுவாக விட்டார். இதுவும் பலிக்காவிட்டால், 1973இல் ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் கோ-கேட்ஸ் வெளியிட்ட, தாடை மூட்டுக்கருகே இன்னும் உயரத்தில் போடும் முறை கைவசம் உண்டு என்று முன்பே சொல்லியிருந்ததால் எனக்குப் பதற்றமில்லை. அதற்குத் தேவை வரவில்லை. சற்று நேரத்தில் கீழுதட்டின் இடப்பாதி நடுக்கோடு வரை தடித்தது. பல்லை அசைத்தபோது அழுத்தம் தெரிந்ததே தவிர, வலி இல்லை.

மரப்பு தெளியச் சில மணி நேரம் பிடித்தது. உதட்டைக் கடித்துக்கொள்ளக்கூடும் என்பதால் அதுவரை எதையும் மென்று தின்ன வேண்டாம் என்றார். படத்தின் உறையிலேயே துளையின் உயரத்தை எழுதித் தந்திருக்கிறார். வலப்பக்கமும் ஏறக்குறைய அதே உயரம்தான் என்பதால், அந்தப் பக்கத்துப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யப்போகும் மருத்துவர் யாராக இருந்தாலும், ஊசியை எடுக்குமுன் அந்த உறையைத்தான் நீட்டுவேன்.