லாபம், ரெண்டு, மூணு

பாட்டெழுத வேண்டும் என்று 1984-இல் வடபழனிக்கு வந்து சேர்ந்தேன். கண்ணதாசன் மறைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் சொல்லச் சொல்லப் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொண்ட கதைகளை டீக்கடையில்கூடப் பேசுவார்கள். எனக்கு வரிகள் அப்படிக் கொட்டியதில்லை. எங்கேயோ காதில் விழுந்த ஒரு சொல், பல வருஷம் கழித்து ஒரு மெட்டில் வந்து உட்காரும். என் பாட்டுகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

மகனைப் பறிகொடுத்த தாய் பாடும் பாட்டு ஒன்று. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் தத்தகாரம் சொன்னார். சரணத்தின் கடைசி அடி, 'தனன்னத் தனன்னனன்னா'. 'விளக்கு அணைந்ததம்மா' என்று எழுதிக் கொடுத்தேன். விரல்விட்டு எண்ணினால் சரியாகத்தான் இருந்தது. மைக் முன்னால் பாடகி பாடியபோது 'விளக்கணைந்ததம்மா' என்று ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழின் இயல்பு அது. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்' என்று நன்னூலே சொல்லியிருக்கிறது. மெட்டில் ஓர் எழுத்து குறைந்தது. பிரித்துப் பாடினால் நடுவில் மூச்சு முறிந்தது. மூன்று டேக் போயிற்று. வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

வராந்தாவுக்கு வந்து நின்றேன். அம்மா ஞாபகம் வந்தது. அம்மா விளக்கை வாயால் ஊத மாட்டார். பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் மெல்லத் தள்ளுவார். எங்களிடமும் 'விளக்கைக் குளிர வை' என்றுதான் சொல்வார்.

உள்ளே போய் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். 'விளக்குக் குளிர்ந்ததம்மா.' தத்தகாரத்தில் இருந்த அந்த 'த்' என்ற ஒற்றுக்குக்கூட இங்கே ஒரு 'க்' கிடைத்துவிட்டது. பாடகி தாளை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரே டேக். பெற்றவள் வாயில் 'அணைந்தது' என்ற சொல் எப்படி வரும்? எழுதிய எனக்குத் தோன்றாததை மெட்டு பிடித்துவிட்டது.

இலக்கணத்தில் இதற்கு மங்கலம் என்று பெயர். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் அதுதான். பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்தேன். அந்த நாளுக்குப் பிறகு, ஊருக்குப் போகும்போதெல்லாம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டெழுத வருமுன் மாடு மேய்த்தார், உப்பளத்தில் வேலை பார்த்தார், மாம்பழம் விற்றார். 1959-இல், 29 வயதில் போய்விட்டார். அவ்வளவு சின்ன வயதில் அத்தனை சொல் அவரிடம் எப்படிச் சேர்ந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் அப்பா களத்தில் நெல் அளப்பவர். மரக்காலைக் குவியலில் அழுத்தி எடுத்து, உள்ளங்கையால் தலைதட்டி, சாக்கில் கொட்டும்போது 'லாபம்' என்பார். முதல் மரக்காலுக்கு 'ஒண்ணு' சொல்ல மாட்டார்கள். லாபம், அப்புறம் ரெண்டு, மூணு. ஒவ்வொன்றையும் இழுத்து ராகம் போட்டுச் சொல்வார். நான் கேட்ட முதல் மெட்டு அதுதான்.

ஒரு விவசாயியின் பாட்டுக்கு அதையே பல்லவியாக வைத்தேன். 'ஒண்ணு என்று மாற்றுங்கள், பட்டணத்தில் புரியாது' என்றார்கள். ஒரு நாள் முழுக்க வாதாடினேன். மாற்றவில்லை. அந்த இடத்தில் வேறு சொல் போட என் கை வராது.

ஏனென்றால் ஒரு வருஷம் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. களத்தில் ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. அம்மாவும் நானும் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பா முதல் மரக்காலைக் கொட்டினார். 'லாபம்' என்றார், அதே ராகத்தில். அடுத்து 'ரெண்டு' என்றார். மூன்றாவது மரக்கால் பாதிதான் வந்தது. தலைதட்ட அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் உள்ளங்கையை அதன் விளிம்பில் ஒரு முறை ஓட்டிவிட்டு, 'மூணு' என்றார்.