எறிந்த கல்லைத் தேடி இன்னொரு பயணம்

நேற்றுதான் அந்த மண் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். சரளைக் குழியைச் சுற்றி என்னென்ன மண், எவ்வளவு ஆழம் என்று பிரித்து ஒரு வரைபடம், கேட்டது அவ்வளவுதான். இரண்டு நாளில் முடியும் என்று போனவனுக்கு மூன்று வாரம் ஆனது.

முதல் நாளே ஆகர் (மண்ணைத் துளைத்தெடுக்கும் கருவி) மானத்தை வாங்கியது. 35 செ.மீ. இறங்கியதும் டங்கென்று நின்றது. 'பாறை' என்று குறித்தேன். அடுத்த துளை, 40-ல் பாறை. இப்படிப் பத்துத் துளை போட்ட பிறகுதான் குழியின் வெட்டுச் சுவரைப் பார்க்கத் தோன்றியது. பாறையாவது ஒன்றாவது, மேலிருந்து கீழ்வரை சரளை! ஒரு கூழாங்கல் குறுக்கே கிடந்தாலே ஆகர் நின்றுவிடுமாம். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துப் போங்கள். அதற்கும் முன்னால் அந்தச் சுவரைப் பாருங்கள் (தள்ளி நின்று, சரளைச் சுவர் சரியும்).

விளிம்போரம் ஒரு மேட்டில் மேலே வெளிறிய அடிமண், அதன்கீழ் கறுத்த மேல்மண். புதுவகை மண் என்று பூரித்துப்போனேன். குழி தோண்டியபோது வாரிக்கொட்டிய குவியல் அது, அதனால்தான் தலைகீழ். பள்ளத்து ஈரநிலம் மட்டும் சிரமம் தரவில்லை: சாம்பல் நிறத்தில் துருப்புள்ளி, அதாவது நீர் தேங்கும் மண்.

ஆய்வகம் 'மணல் கலந்த வண்டல், நீர்ப்பிடிப்பு நன்று' என்றது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். சரிபார்த்த அதிகாரி அறிக்கையை மூடிக்கொண்டே, "அங்கே நடந்தபோது உங்கள் காலில் குத்தியது வண்டலா? கல் எத்தனை சதவீதம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 2 மி.மீ. சல்லடையில் இறங்கும் மண்ணைத்தான் ஆய்வகம் சோதிக்கும். தங்கும் கல் கணக்கிலேயே வராது. நானோ பை கனக்கிறது என்று கல்லையெல்லாம் களத்திலேயே பொறுக்கி எறிந்திருந்தேன்.

மறுபடி பயணம். வகைக்கொரு குழி, 30 செ.மீ. நீள அகல ஆழம். உள்ளே பிளாஸ்டிக் தாளை விரித்துத் தண்ணீர் ஊற்றி அளந்தால் குழியின் கொள்ளளவு கிடைத்துவிடும். முதல் குழி 26 லிட்டர் பிடித்தது. எடுத்த மண்ணைக் காயவைத்துச் சலித்து, கல்லைக் கழுவி, விளிம்புவரை தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டேன். வழிந்தது 11 லிட்டர். ஆக 42 சதவீதம் கல். அமெரிக்க வகைப்பாட்டில் 35-ஐத் தாண்டினாலே 'மிகச் சரளையான' மண். கல் நீரைப் பிடித்துவைக்காது, அதனால் ஆய்வகம் சொன்ன நீர்ப்பிடிப்பில் பாதியைவிடச் சற்றுக் கூடுதல்தான் அங்கே நிஜம்.

இந்தமுறை அதிகாரி கேட்டது ஒன்றுதான்: "எடையா, கன அளவா?"

எடையில் போட்டிருந்தால் இதே மண் 60-ஐ ஒட்டிப் போயிருக்கும். "கன அளவு" என்றேன். பேனாவை எடுத்தார்.